அப்பாவின் வால்வு சாவி

அப்பாவின் வால்வு சாவி என் தோள் உயரம் இருக்கும். நெட்டுக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே பிடித்துத் திருகக் குறுக்குத் தண்டு, அடியில் சதுரக் குழி. தெருவில் வட்ட மூடியைத் தூக்கினால் உள்ளே வால்வின் தலை தெரியும். அதன்மேல் இந்தக் குழியை உட்கார வைத்துத் திருக வேண்டும். கம்பி முழுவதும் துருவேறிக் கறுத்திருக்கும். குறுக்குத் தண்டின் இரண்டு முனைகள் மட்டும் வெள்ளிக் காப்பு மாதிரி மின்னும். அது இருபத்தைந்து வருடம் இரண்டு உள்ளங்கைகள் தேய்த்த மினுமினுப்பு.

அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, சாவியைப் பழைய ட்யூபால் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அரசரடிக்கும் ஆரப்பாளையத்துக்கும் இடைப்பட்ட தெருக்கள் அவருடையவை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம், ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண்ணிக்கை. தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூடிக்குப் போவார். எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் வைகை அணையிலிருந்து வரும் தண்ணீர், கடைசி நூறடியில் வந்து சேராவிட்டால் அத்தனை தூரம் வந்ததும் வீண் என்பார். மதுரை மாநகராட்சிப் பதிவேட்டில் அவருடைய பதவி ‘டர்ன்காக்’. எங்கள் தெருவில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தண்ணீர் திறக்கிறவர், அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் ஒரு காலை, வேலையை முடித்துவிட்டு வந்து திண்ணையில் சாவியைச் சாய்த்து வைத்தார். சட்டையைக் கழற்றியவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். ஐம்பத்து நான்கு வயது. அன்று அவருடைய தெருக்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் போயிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கள் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பாவுடன் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அம்மாவிடம், “அக்கா, பணியில் இருக்கும்போது இறந்திருக்கிறார். வாரிசுக்கு வேலை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். மூன்று வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்” என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வீட்டில் ஊதுவத்தி வாசம்கூட இன்னும் போகவில்லை, அதற்குள் அவருடைய நாற்காலியைப் பற்றிப் பேசுகிறார்களே என்று அவருக்குக் கோபம். இப்போது எனக்குத் தெரிகிறது: அந்த அண்ணன் அன்றைக்கு வந்து சொன்னதற்கு மனத்திடம் வேண்டும். சொல்ல ஆளில்லாமல் நாள் கடந்துபோன குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார்.

சாவியை நானும் தம்பியும்தான் திருப்பிக் கொடுத்தோம். அது மாநகராட்சிச் சொத்து. அம்மா அதைக் கழுவித் துடைத்து, அடிக்குழியில் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியடி அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து, ‘வால்வு சாவி 1, பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மாநகராட்சியின் தாளில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

அந்த நாளில் நான் வேலைக்காகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்து, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருடம் பில் போட்டுவிட்டு, அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வை எழுத வேண்டும் என்று நின்றவள். முதலில் சிம்மக்கல் நூலகம். 2023 ஜூலை 15 அன்று நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அங்கே. அப்பா ஒரே ஒரு முறை அந்த நூலகத்தைப் பார்க்க வந்தார். அத்தனை உயரக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் போய்விட்டார்.

குரூப் 4 எழுதாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. பத்தாம் வகுப்புத் தேறினால் போதும் என்பதால் பட்டதாரியும் எழுதுவார், பொறியியல் படித்தவரும் எழுதுவார். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர், உள்ளாட்சிகளில் பில் கலெக்டர் என்று பல பதவிகளுக்கும் ஒரே தேர்வு. மூன்று மணி நேரம், இருநூறு கேள்விகள், முந்நூறு மதிப்பெண். அதில் நூறு கேள்விகள் தமிழ். தமிழில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கறுப்பு மைப் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். தெரியாத கேள்விக்கும் ஒரு வட்டம் இருக்கிறது, ‘விடை தெரியவில்லை’ என்று. ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. கடைசியில் ஏ, பி, சி, டி, இ என்று ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கை நடுங்காதவர்கள் குறைவு.

2022 ஜூலை 24 அன்று முதல் முறை எழுதினேன். 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நூற்று ஐம்பத்தைந்து விடை சரி. என் பிரிவுக்கு அது போதவில்லை. போதாது என்று தெரிந்த அன்றிரவு அப்பா என்னிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. “நாளைக்கு வெயில் கூடும், தண்ணீர் குடித்துக்கொண்டே படி” என்றார்.

அப்படி ஒரு வரிசையில் நின்றவளுக்கு, அப்பா இறந்ததால் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தது. அது என்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று சொல்லி முடியாது. நூலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து படிக்கும் தோழி திருமங்கலத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவளுக்கு அது நான்காவது முறை. நான் வாரிசு வேலைக்கு விண்ணப்பிக்கப்போவதாக அவளிடம் சொல்லப் பத்து நாள் ஆயிற்று. சொன்னதும் அவள் புத்தகத்தை மூடினாள். “சான்றிதழ் எல்லாம் எடுத்துவிட்டாயா? நகலெடுக்க நானும் வருகிறேன்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி நிரப்பப்படும் ஒவ்வோர் இடமும் தேர்வுக்கு வராத இடம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நகல் கடையில் அவள்தான் தாள்களை வரிசைப்படுத்திக் குண்டூசி குத்தினாள்.

மூன்று பிள்ளைகளில் யார் விண்ணப்பிப்பது என்பதில்தான் வீடு கொஞ்ச நாள் இரண்டுபட்டது. அக்காவுக்குத் திருமணமாகிவிட்டது. தம்பிக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்து, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். அம்மா தனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பாவும் மாமாக்களும் தம்பி பெயரைச் சொன்னார்கள். பெண் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள், வேலையும் அவளோடு போய்விடும் என்பது அவர்கள் பேச்சு. தம்பி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் படிப்பை விட மனமில்லை. எனக்கு எதிராக நிற்கவும் மனமில்லை.

வாரிசு சான்றிதழில் அப்பத்தாவின் பெயரும் வரும். இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் அவரும் வாரிசு. விண்ணப்பிக்கிறவரைத் தவிர மற்ற எல்லா வாரிசுகளும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காக வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். அப்பத்தாவுக்கு எண்பதை ஒட்டிய வயது, எழுதப் படிக்கத் தெரியாது. என்னென்ன தாள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். வேலை கிடைத்தால் இறந்தவரின் குடும்பத்தைப் பராமரிப்பேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“அதில் என் பேரும் உண்டா?”

உண்டு என்றேன்.

சித்தப்பாவைப் பார்த்தார். “சோறு போடுவேன் என்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்குத்தானே வேலை? மூன்று வருடமாக எனக்கு மாத்திரை வாங்கி அனுப்புகிறவள் இவள். இவளே எழுதட்டும்.”

மை தடவியதும் அந்தக் கட்டைவிரல் நடுங்கியது. மகன் இறந்ததற்கான காகிதம் என்று அவருக்குத் தெரியும். ரேகை சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை வைக்க வேண்டியிருந்தது. அந்த விரலை நான்தான் பிடித்து அழுத்தினேன். பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மை முழுவதும் போகவில்லை.

காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை முதலில் காகிதத்தில்தான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ். வாரிசு சான்றிதழ், அதற்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டணம், பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு மேலேறும். படிப்புச் சான்று, சாதிச் சான்று, குடும்பத்தில் வேறு யாரும் அரசுப் பணியில் இல்லை என்ற உறுதி. எல்லாவற்றுக்கும் மேல், குடும்பம் வறிய நிலையில் இருக்கிறது என்று வருவாய்த் துறை தரும் சான்று. இந்தக் கடைசித் தாள்தான் எங்கள் வீட்டில் சண்டையை மூட்டியது.

வருவாய் ஆய்வாளர் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று அம்மா விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தார். அக்கா திருமணத்துக்குக் கட்டிய நீலப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். பரணிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கித் துலக்கி அடுக்கில் வைத்திருந்தார். எனக்குப் பகீரென்றது. “அம்மா, இல்லாத வீடு என்று காட்ட வேண்டிய நாள் இது. இதையெல்லாம் உள்ளே வை” என்றேன். அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது உன் அப்பா சம்பாதித்தது. வருகிறவரிடம் எதற்கு மறைக்க வேண்டும்? வாடகை வீடு, நிலம் இல்லை, நகையில் பாதி அடகில் இருக்கிறது. எல்லாம் உண்மை. அதைச் சொல்வேன். அதற்காக அந்த மனிதர் ஒன்றும் சேர்க்கவில்லை என்று காட்ட மாட்டேன்.”

வந்தவர் நடுத்தர வயதுக்காரர். அடுக்கைப் பார்த்தார், ஓடுகளைப் பார்த்தார், வாடகை எவ்வளவு என்று கேட்டார். அம்மா அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். கேட்டவற்றை எழுதிக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சான்று வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தாள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கால் நூற்றாண்டு ஓர் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவரின் வீடு, ஒன்றுமில்லாத வீடு என்று எழுதி வாங்கினால்தான் அவர் பிள்ளையின் விண்ணப்பம் நகரும்.

இந்த வேலைக்கான அரசு விதியின் பெயரிலேயே ‘கருணை’ என்ற சொல் இருக்கிறது: கருணை அடிப்படையில் பணி நியமனம். தமிழ்நாட்டில் இதற்கென்று 2023இல் தனி விதிகள் வந்தன. இந்த வழியில் கிடைப்பவை சி, டி பிரிவுப் பணிகள் மட்டுமே. எழுத்தர் நிலைக்கு மேல் போகாது. இதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்பது சட்டத்தின் நிலை. ஹரியானாவிலிருந்து போன ஒரு வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சம்பாதித்தவரைத் திடீரென்று இழந்த குடும்பம் அந்த நெருக்கடியைக் கடக்க உதவுவதுதான் நோக்கம், இறந்தவர் வகித்த பதவிக்குப் பதவி கொடுப்பது இதன் வேலை இல்லை. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பரம்பரை உத்தியோகம் கூடாது என்று நம்புகிறவள் நான். என் தோழி நான்காம் முறை எழுதிய தேர்வை நானும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் ‘கருணை’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. கருணை என்பது கொடுக்கிறவரின் மனத்தைப் பற்றிய சொல். எங்கள் வீட்டில் நடந்தது ஒரு வேலையின் விளைவு. கார்த்திகைப் பனியிலும் ஐப்பசி மழையிலும் விடியுமுன் ஈரத் தெருவில் குனிந்து நின்ற உடம்பு ஐம்பத்து நான்கில் ஓய்ந்தது. அந்த வீட்டைக் கொஞ்ச காலம் தாங்குவது, வேலை வாங்கிக்கொண்ட இடத்தின் கடமை. கடமை என்று எழுதினால் சட்டம் வேறு மாதிரி ஆகிவிடும் என்பார்கள். ஆகட்டும். குறைந்தபட்சம் அம்மா பட்டுச் சேலையை உள்ளே வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழாது.

விண்ணப்பத்தைச் சேர்ப்பதற்கு முன் இன்னொரு முடிச்சு இருந்தது. அப்பாவின் பெயர். பிறந்த ஊரில் வைத்த பெயர் ‘ன்’ என்று முடியும். மதுரைக்கு வந்து நாலு பேர் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்ததும் அதே பெயர் ‘யா’ என்று முடிய ஆரம்பித்தது. ரேஷன் அட்டையும் ஆதாரும் ‘யா’. பணிப்பதிவேட்டில் ‘ன்’. இறப்புச் சான்றிதழ் ஆதாரைப் பார்த்து எழுதியது, அதனால் அதிலும் ‘யா’. காகிதத்தின்படி மாநகராட்சியில் வேலை பார்த்தவர் ஒருவர், இறந்தவர் வேறொருவர். இது எங்கள் தலைமுறைக்கு முந்தைய முக்கால்வாசி வீடுகளில் இருக்கும் சிக்கல். பெயர் என்பது அழைப்பதற்குத்தான் என்று இருந்த காலத்தில் எழுதியவை அந்தத் தாள்கள்.

அதற்காகத்தான் 2024 ஜனவரியில் அம்மாவும் நானும் தல்லாகுளத்துக்குப் போனோம். மாநகராட்சியின் தலைமையிடமான அறிஞர் அண்ணா மாளிகை அங்கேதான் இருக்கிறது. 1866இல் நகராட்சியாகி, 1971 மே 1 அன்று மாநகராட்சியாகி, இன்று நூறு வார்டுகளாக விரிந்திருக்கும் ஊரின் கணக்கெல்லாம் அங்கே. எதிர்சேவைக்கு அழகரைப் பார்க்க அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். அந்தக் கட்டடத்துக்குள் அம்மா போனது அன்றுதான். சம்பளம் வாங்கியவரின் மனைவியாக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

ஓய்வு பெறும் வயதிலிருந்த ஓர் எழுத்தர் எங்களை உட்காரச் சொன்னார். பெயரைக் கேட்டார், உள்ளே போனார், கால் மணி நேரம் கழித்து ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். முனைகள் மழுங்கிய காலிகோ அட்டை. முதல் பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

அப்பாவின் இடது கை. ஐந்து விரல்களின் ரேகையும் வரிசையாக, ஊதா மையில். சேர்ந்தபோது எடுத்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய எனக்கு இப்போது இருக்கும் வயது. எனக்குத் தெரிந்த அப்பாவின் விரல்களில் ரேகையே கிடையாது. ரேஷன் கடையில் கைரேகைக் கருவி அவர் விரலை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. இரும்பும் தண்ணீரும் அழித்துவிட்டிருந்தன. அந்தத் தாளில் மட்டும் சுழி சுழியாக, ஒன்றுகூடத் தேயாமல் இருந்தது.

எழுத்தர் வாய்விட்டுப் படித்தார். உயரம், பிறந்த தேதி, தந்தை பெயர். “அங்க அடையாளம் ஒன்று: வலது முழங்காலுக்குக் கீழே...” அவர் முடிப்பதற்குள் அம்மா, “தழும்பு. கிணற்றுப் படியில் விழுந்தது” என்றார். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரமும் சான்றும் எப்படி வாங்க வேண்டும், எதை முதலில் எதை அடுத்து என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அந்தத் துண்டுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் எழுதும் நேரத்தில் நான் பதிவேட்டைப் புரட்டினேன். விடுப்புக் கணக்குப் பக்கங்கள். அப்பா எப்போதெல்லாம் வேலைக்குப் போகவில்லை என்று மாநகராட்சி எழுதி வைத்த கணக்கு. 2005 மார்ச்சில் நான்கு நாள். தம்பி பிறந்த மாதம். 2019 மே மாதம் பன்னிரண்டு நாள், அக்கா திருமணம். இடையில் வருடக்கணக்கில் வெறும் கட்டங்கள். எங்கள் குடும்பத்துக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லை. அதை யாரோ எங்களுக்குத் தெரியாத கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

2024 பிப்ரவரியில் விண்ணப்பம் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டை அம்மா அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். ஜூன் 9 அன்று மறுபடியும் குரூப் 4 எழுதினேன். 6,244 இடம் என்று அறிவித்துப் பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். எனக்குக் கிடைக்கவில்லை. தோழிக்குக் கிடைத்தது. நான்காவது முறையில் எழுதி வென்றவள் இன்று ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அவள் வேலையில் சேர்ந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா காலில் விழுந்து எழுந்தாள். என் விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. காலியிடம் வர வேண்டும், வரிசை வர வேண்டும். பட்டியலில் எனக்கு முன்னால் இருப்பவர்களும் ஒவ்வொரு சாவைச் சுமந்துகொண்டு வந்தவர்கள்தாம். அவர்களைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் தெருக்களுக்கு வேறு ஆள் வந்தார். நிரந்தரப் பணியாளர் இல்லை. ஒப்பந்தத்தில் வந்த பையன். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 பற்றி மாநகராட்சித் தொழிலாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் கடைநிலைப் பணிகள் பலவற்றை வெளிமுகமை மூலம் பார்த்துக்கொள்வதற்கு வழி செய்தது அந்த ஆணை. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன, நானும் அவர்கள் பக்கம். தினமும் நடக்க வேண்டிய வேலைக்குத் தினமும் வரும் ஆள் வேண்டும். அவருக்குப் பதிவேடு வேண்டும், அதில் விடுப்புக் கணக்கு வேண்டும். இந்தப் பையன் நாளைக்கு வேலையில் இருக்கும்போது விழுந்தால், அவனுடைய ஐந்து விரல் ரேகையை எந்த மேசையில் யார் திறந்து காட்டுவார்கள்? கருணை என்ற சொல்லோடு நான் சண்டை போடுகிறேன். அவன் வீட்டுக்கு அந்தச் சொல்கூட வராது.

இந்த ஐப்பசியில் ஒரு விடிகாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாலரை மணி. அந்தப் பையன்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நனைந்திருந்தான்.

“அக்கா, தண்ணீர் திறந்துகொண்டிருந்தவர் வீடு இதுதானே? கோயில் தெருவில் கடைசி ஏழு வீட்டுக்கு நாலு நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. முழுவதும் திறந்துதான் வைத்திருக்கிறேன். எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவோடு போய் நான் டார்ச் பிடித்த தெரு அது. எல்லா வால்வும் இடப்பக்கம் திருகினால் திறக்கும். மாரியம்மன் கோயில் முக்கில் இருக்கும் பழைய வால்வு மட்டும் வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். இவன் நாலு நாளாகத் திறப்பதாக நினைத்து அதை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். எந்த வரைபடத்திலும் அது இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் அதை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அம்மா குடையை எடுத்து நீட்டினார். போனோம். மூடியைத் தூக்கினான். சைக்கிளிலிருந்து சாவியை அவிழ்த்து எடுத்தபோது தெருவிளக்கு வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. குறுக்குத் தண்டின் இரண்டு முனைகளும் மினுங்கின.

“எங்கே வாங்கினாய் இதை?”

“தொட்டியடி அலுவலகத்தில் கொடுத்தார்கள் அக்கா. பழசுதான். ஆனால் கைக்கு நன்றாக இருக்கிறது.”

வலப்பக்கம் என்று சொன்னேன். அவன் நம்பாமல் பார்த்தான். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். முதல் சுற்று நகரவே இல்லை, இரண்டாவதில் இளகியது. அப்பா எண்ணுகிற மாதிரியே வாய்விட்டு எண்ணினேன். பதினான்காவது சுற்றில் காலுக்குக் கீழே குழாய் உறுமியது. தெருக்கோடியில் யாரோ குடத்தை இழுத்துக் குழாயடியில் வைக்கும் சத்தம் கேட்டது.